மலையகத்தில் வாக்கும் அரசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டனில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், கச்சேரி (மாவட்டச் செயலகம்) வரிசையிலும், தேர்தல் வந்தால் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு) வாசலிலும் கேட்கப்படும் கேள்விகள் இவை. பல இனம், பல மொழி, பல மதம் உள்ள நாட்டில் ஜனநாயகம் எப்படி நடக்க வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில், அதாவது இந்திய வம்சாவளித் தமிழர் வாழும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், நீண்ட காலம் அரசு என்றால் அது தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நின்றது. உள்ளே தோட்டத்தை நிர்வகிக்கும் துரை இருந்தார், வேலையாட்களை மேய்க்கும் கங்காணி இருந்தார், பிறகு யூனியன் வந்தது. அதனால் சட்டம் சொல்வதோடு, அது மலையேறி வந்து சேர்ந்ததா என்பதையும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

பெரும்பான்மை சொல்வதுதானே ஜனநாயகம்? சிறுபான்மைக்கு எதற்குத் தனிப் பாதுகாப்பு?

எங்கள் சொந்தக் கதையே இதற்குப் பதில். 1947 பொதுத் தேர்தலில் எங்கள் மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் வெல்லவும் தோட்டத்து வாக்கு கைகொடுத்தது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன், பாட்டன் இலங்கையில் பிறந்ததை நிரூபி என்றது. தோட்டங்களில் பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத காலம் அது. பாட்டனின் பிறப்பை எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பது? 1949இல் இன்னொரு திருத்தம் வந்து, பிரஜைக்கு மட்டும்தான் வாக்கு என்றது. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதில் எதையும் துப்பாக்கி காட்டிச் செய்யவில்லை. பாராளுமன்றத்தில் முறைப்படி விவாதித்து, வாக்கெடுத்து, எண்ணிப் பார்த்துத்தான் செய்தார்கள். அன்றைய சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒரு காவலும் இருந்தது. ஓர் இனத்தாரை அல்லது மதத்தாரை மட்டும் பாதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்றது அது. அதை நம்பி வழக்கும் போட்டார்கள். கோடக்கன் பிள்ளை வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது அதைத்தான். அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. தன் பிரஜை யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம், அதில் இனபேதம் இருப்பதாகக் கொள்ள முடியாது என்ற போக்கில் போனது தீர்ப்பு.

ஆக, வரி எவ்வளவு, பாதை எங்கே என்பதையெல்லாம் பெரும்பான்மை தீர்மானிக்கலாம். யாருக்கு வாக்கு உண்டு என்பதையே அது தீர்மானிக்கத் தொடங்கினால் அடுத்த தேர்தலில் அதைத் தட்டிக் கேட்க ஆள் இருக்காது. காவல் வேண்டும் என்பது இதனால்தான். அந்தக் காவலை எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதையும் 1953 காட்டியது.

வாக்கு இல்லாதவர்களை அரசு எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லையா?

சேர்த்தது, அதுதான் வேடிக்கை. தொகுதிகளைப் பிரிக்கும்போது சனத்தொகைக் கணக்கில் எங்கள் ஆட்களையும் எண்ணினார்கள். அதனால் மலைநாட்டுக்கு ஆசனங்கள் கூடின. அந்த ஆசனங்களுக்கு ஆளைத் தெரிவு செய்யும் உரிமை மட்டும் எங்களுக்கு இல்லை. பக்கத்துக் கிராமத்து வாக்காளர் ஒருவரின் வாக்குக்குக் கொழும்பு வாக்காளரின் வாக்கைவிட நிறை கூடியது. அந்த நிறையில் எங்கள் தலைகளும் இருந்தன.

இப்போது எல்லோருக்கும் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டதா?

சட்டப்படி ஆம். ஆனால் தவணை தவணையாக வந்தது. 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் தமிழ்நாட்டு மண்டபம் முகாமுக்கும் தம்பி பொகவந்தலாவைக்கும் என்று பிரிந்த கதைகள் அப்போது உண்டானவை. சம்பந்தப்பட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1988இல் ஒரு சட்டமும் 2003இல் இன்னொன்றும் வந்தன. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் பிரஜாவுரிமை உண்டு என்றது. பெட்டியில் பழைய 'பதிவுப் பிரஜை' சான்றிதழ் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். காணி, கடவுச்சீட்டு விஷயங்களில் யாராவது ஒருநாள் கேட்கக்கூடும்.

வடக்கு கிழக்குத் தமிழர் பிரச்சினையும் எங்களுடையதும் ஒன்றுதானே?

மொழி ஒன்று. 1983 கலவரத்தில் தமிழருக்கு அடி விழுந்தபோது அடித்தவன் பிரித்துப் பார்த்து அடிக்கவும் இல்லை. ஆனால் அரசிடம் கேட்பது வேறு வேறு. 1949 சட்டத்தின்போது தமிழ்க் காங்கிரஸின் ஒரு பகுதி அரசாங்கத்தோடு நின்றது. அதனாலேயே கட்சி பிளந்து, செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பிறகு வடக்கு கிழக்கின் கேள்வி தாயகம், சுயாட்சி என்று போனது. எங்கள் கேள்வி பிரஜாவுரிமை, சம்பளம், காணி, வீடு என்று இருந்தது. 1976 வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் வந்தபோது, தமிழ்க் கட்சிகளின் கூட்டணியின் தலைவர்களில் ஒருவராக இருந்த சௌமியமூர்த்தி தொண்டமான் அதில் சேராமல் ஒதுங்கினார். நாலு பக்கமும் சிங்களக் கிராமம் சூழ்ந்த தோட்டத்தில் இருப்பவர்களின் கணக்கு அது. தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்தத் தேர்தலில் எப்படி வாக்களிப்பது?

ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குப் புள்ளடி (X அடையாளம்) இடலாம், அல்லது 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்குப் போட்டவர்களின் 2ஐயும் 3ஐயும் எண்ணுவார்கள். 2024 செப்டெம்பரில்தான் முதல் தடவையாக அப்படி எண்ண நேர்ந்தது. பலர் அதுவரை 2, 3 போடுவதே வீண் வேலை என்று நினைத்திருந்தார்கள்.

பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி. அப்புறம் அதே கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்கு, அவரவர் இலக்கத்தின் மேல். கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கத்தை மட்டும் கீறிவிட்டு வந்தால் வாக்கு வீண். இரண்டு கட்சிக்குப் போட்டாலும் வீண். எங்கள் பகுதிகளில் செல்லுபடியாகாத வாக்குகள் அதிகம் என்று ஒவ்வொரு தடவையும் பேசிக்கொள்கிறோம். மாதிரி வாக்குச்சீட்டை வைத்து லயத்தில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்க ஆளைக் காணோம்.

உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடிதான். 2018 முதல் அறுபது வீதம் வட்டாரத்தில் வென்றவர்களும் நாற்பது வீதம் பட்டியலில் இருந்து வருபவர்களுமாகச் சபை அமைகிறது.

நுவரெலியாவில் தமிழ் எம்.பி.க்கள் வருகிறார்கள். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் ஏன் வருவதே அரிதாக இருக்கிறது?

பாராளுமன்றத்தின் 225 பேரில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களில் இருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலில் இருந்தும் வருகிறார்கள். மாவட்டத்துக்குள் கட்சிகள் பெறும் வாக்கு வீதத்துக்கு ஏற்ப ஆசனம் பிரியும். ஐந்து வீதத்துக்குக் குறைந்த கட்சி கணக்கிலேயே வராது. அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஓர் ஆசனம் மேலதிகமாகக் கிடைக்கும்.

இந்த முறை, ஒரே இடத்தில் திரண்டு வாழும் சிறுபான்மைக்கு நல்லது. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் எங்கள் மக்கள். அதனால் எட்டு ஆசனங்களில் பங்கு வருகிறது. பதுளையில் ஓரளவு. இரத்தினபுரி, கேகாலை, காலி, மாத்தறை, களுத்துறைப் பக்கம் இறப்பர்த் தோட்டங்களிலும் தாழ்நிலத் தேயிலையிலும் சிதறிக் கிடப்பவர்கள் தனிக் கட்சியாகக் கேட்டால் ஐந்து வீதத்தை எட்டுவதே பெரும்பாடு. பெரிய தேசியக் கட்சியின் பட்டியலில் கேட்டால், விருப்பு வாக்கில் சிங்கள வாக்காளரும் இலக்கத்தைப் போட்டால்தான் மேலே வரலாம். 2024 நவம்பரில் அப்படிப் போட்டும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அது ஒரு கட்சியின் அலையா, வாக்காளர் பழக்கமே மாறியதா என்று அடுத்த தேர்தல்தான் காட்டும்.

சிதறி வாழும் மக்களுக்கு மற்ற நாடுகள் வேறு வழி கண்டிருக்கின்றன. நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு 1867 முதல் ஒதுக்கிய ஆசனங்கள் உண்டு. மாவோரி வாக்காளர் எந்த ஊரில் இருந்தாலும் விரும்பினால் அந்தப் பட்டியலில் பதிந்து வாக்களிக்கலாம். இலங்கையிலும் 1931க்கு முன் சட்டசபையில் இனவாரிப் பிரதிநிதித்துவம் இருந்தது. டொனமூர் ஆணைக்குழு அதை ஒழித்துவிட்டு, படித்தவன் படிக்காதவன், ஆண் பெண் பேதமில்லாமல் வாக்கு என்றது. தோட்டத் தொழிலாளருக்கு அதிலும் வதிவிட நிபந்தனை என்று ஒரு கொக்கி. என் கருத்தைக் கேட்டால், இன்று ஒதுக்கிய ஆசனம் கேட்பதைவிட, தேசியப் பட்டியலில் சிதறிய மாவட்டங்களுக்கு இடம் கொடுக்கும்படி கட்சிகளை நெருக்குவது சீக்கிரம் பலன் தரும். அந்த 29 இடங்களில் தோற்றுப்போனவர்களைத் திரும்ப உட்கார வைக்கும் வழக்கத்தைப் பார்த்தால் அதிலும் நம்பிக்கை குறைகிறது, அது வேறு கதை.

ஒன்றிரண்டு எம்.பி.யால் என்ன ஆகப் போகிறது?

1994ஐப் பாருங்கள். பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, கூட்டினால் 112. ஆட்சிக்கு 113 வேண்டும். நுவரெலியாவில் சுயேச்சைக் குழுவில் வென்றிருந்த பெ. சந்திரசேகரன் கொடுத்த ஆதரவால் அந்த ஒன்று வந்தது. இப்படி ஒருவர் கையில் சாவி விழுவது அபூர்வம். ஒரே கட்சிக்கு மூன்றில் இரண்டுக்கு மேல் கிடைத்துவிட்டால் சாவிக்கு வேலையே இல்லை. 2024இல் 159 பேர் ஒரே பக்கம். அப்போது எதிர்க்கட்சியில் இருக்கும் மலையக எம்.பி. கேள்வி கேட்கலாம், குழுக்களில் பேசலாம். ஆளுங்கட்சியில் இருப்பவர் உள்ளே நின்று நெருக்கலாம். இரண்டு பக்கத்திலும் நம் ஆட்கள் இருப்பது கெட்டதல்ல.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பத்தில் பஸ் காசு செலவழித்தவர்கள் ஏராளம்.

பிரதேச சபை நாம் தெரிவு செய்வது. தவிசாளர், உறுப்பினர்கள் இருப்பார்கள். சபையின் கீழ் வரும் பாதை, குப்பை, தெரு விளக்கு, சந்தை, மயானம், நூலகம் எல்லாம் அங்கே. பிரதேச செயலகம் அரசாங்கத்தின் கை. பிரதேச செயலாளரை யாரும் வாக்குப் போட்டு அனுப்புவதில்லை. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுப் பிரதிகள், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, முதியோர் கொடுப்பனவு, அரச காணி, அனர்த்த நிவாரணம் எல்லாம் அங்கே. அதன் அடிமட்ட ஆள் கிராம உத்தியோகத்தர், பழக்கத்தில் 'ஜீ.எஸ்.' என்போம். அதற்கு மேலே மாவட்டச் செயலகம், நம் வாயில் இன்னும் கச்சேரி.

நுவரெலியா மாவட்டத்தில் நீண்ட காலம் ஐந்தே பிரதேச செயலகங்கள். நுவரெலியா, அம்பகமுவ இரண்டிலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலட்சம் பேர். தலவாக்கலை, நோர்வூட் என்று புதிய பிரிவுகளைக் கேட்டுக் கேட்டுப் பிறகுதான் எண்ணிக்கை கூடியது. பிரதேச சபைகளும் அப்படியே. 2018 தேர்தலுக்கு முன் அந்த இரண்டு பெரிய சபைகளை உடைத்து நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை, அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என ஆறாக்கினார்கள். ஓர் அலுவலகம் எத்தனை பேருக்கு என்பதைக் காய்ந்த நிர்வாக விஷயமாக நினைக்கிறோம். மழைக்காலத்தில் மேல் பிரிவில் இருந்து ஒரு கையெழுத்துக்காக அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு இறங்கும் அக்காவைக் கேட்டுப் பாருங்கள்.

'தோட்டத்துக்குள் பிரதேச சபை வேலை செய்ய முடியாது' என்கிறார்களே, உண்மையா?

ஒரு காலத்தில் உண்மை. 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. தோட்டப் பாதையும் காணியும் கம்பனி நிர்வாகத்தில் இருப்பதால் சபையின் பணத்தை அங்கே செலவழிக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிடுவார்கள். தோட்டத்து வாக்கால் வென்ற உறுப்பினர், தன் லயத்து வாசலுக்கு ஒரு தெரு விளக்குப் போட முடியாமல் உட்கார்ந்திருந்தார். 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை செலவழிக்கலாம்.

ஆகவே இனிமேல் 'சட்டம் இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம். பணம் இல்லை என்றால் அது வேறு. அதுவும் உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் தோட்டக் குடியிருப்புகளில் இருந்து சபைக்கு வரி வருமானம் மிகக் குறைவு. வரவு செலவுத் திட்டத்தில் எங்கள் வட்டாரத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

மாகாண சபை என்று ஒன்று இருக்கிறதா?

கட்டடம் இருக்கிறது, ஊழியர்கள் இருக்கிறார்கள், ஆளுநர் இருக்கிறார். தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லை. 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் வந்த சபைகள் இவை. மத்திய மாகாணத்தில் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல், ஊவாவில் 2014இல். 2017இல் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்து, எல்லை நிர்ணயத்தில் சிக்கி, அப்படியே நிற்கிறது. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் மாகாணக் கல்வி அமைச்சின் கீழ் வருவதால் இதில் நட்டம் எங்களுக்கும் உண்டு. ஆசிரியர் பற்றாக்குறையைக் கேட்க மாகாண சபை உறுப்பினர் என்று ஒருவர் இல்லை.

அரச அலுவலகத்தில் தமிழில் பேசினால் தமிழில் பதில் தர வேண்டுமா?

வேண்டும். இது சலுகை இல்லை, அரசியலமைப்பு. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1988இன் 16ஆவது திருத்தம் அதை அலுவலகக் கவுண்டர் வரை கொண்டுவந்தது. அதன்படி வடக்கு கிழக்குக்கு வெளியே நிர்வாக மொழி சிங்களம்தான். ஆனால் அங்கேயும் எந்த ஒருவரும் அரச அதிகாரியிடம் தமிழில் பேசவும், எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உரிமை உண்டு. இது கண்டிக்கும் உண்டு, காலிக்கும் உண்டு.

அதற்கு மேல் ஒரு படியும் இருக்கிறது. ஒரு பிரதேச செயலகப் பிரிவில் மொழிச் சிறுபான்மையினர் கணிசமாக இருந்தால் ஜனாதிபதி அதை இருமொழிப் பிரிவாக அறிவிக்கலாம். நடைமுறையில் எட்டில் ஒரு பங்கு என்ற அளவைப் பார்க்கிறார்கள். 1999இல் நுவரெலியா மாவட்டப் பிரிவுகளும் பதுளையில் சிலவும் அப்படி அறிவிக்கப்பட்டன. அங்கே பதிவேடுகளே இரு மொழியிலும் இருக்க வேண்டும்.

நடப்பது என்ன? பெயர்ப் பலகை மூன்று மொழியில் இருக்கும், படிவம் சிங்களத்தில் வரும். தமிழ்ப் படிவம் 'முடிஞ்சு போச்சு' என்பார்கள். வந்தாலும் அதைச் சிங்களத்தில் நிரப்பித் தரச் சொல்வார்கள். வரிசையில் பின்னால் நிற்கும் யாராவது ஒரு தம்பி மொழிபெயர்த்து உதவுவார். அவர் தப்பாகச் சொன்னால் அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொரு பெயர். அதைத் திருத்த அலைந்தவர்களுக்குத் தெரியும், அரசாங்கத்தின் மொழிக்கொள்கை எழுத்துப் பிழையாக வந்து வீட்டில் குடியிருக்கும். பல இடங்களில் குறை அதிகாரியின் மனதில் இல்லை. தமிழ் தெரிந்த ஆளை நியமிக்காததில்தான். 2007 ஜூலைக்குப் பிறகு சேர்ந்த அரச ஊழியர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை உண்டு. பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் எல்லோரும் பேசுகிறார்களா என்பது வேறு.

மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம், தமிழிலேயே. திகதி, அலுவலகம், எந்தக் கவுண்டர், என்ன சொன்னார்கள் என்பது போதும். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக வேண்டுமானால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. மலையில் இருந்து கொழும்புக்கு வக்கீல் தேடிப் போகிறவர்களுக்கு இது முக்கியமான விஷயம்.

தோட்டத் தலைவர், யூனியன், கட்சி, எம்.பி. இவையெல்லாம் ஒன்றுதானா?

சட்டப்படி வேறு வேறு. எங்கள் ஊரில் பல வேளை ஒன்று. 1939இல் தொடங்கிய இலங்கை இந்தியக் காங்கிரஸில் இருந்து இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் வரை, சங்கமே கட்சியாகவும் கட்சியே சங்கமாகவும் வளர்ந்தது. வாக்கு இல்லாத முப்பது வருடங்களில் எங்களுக்காகப் பேச சங்கத்தைத் தவிர யார் இருந்தார்கள்? 1977இல் தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியா மூவர் தொகுதியில் மூன்றாம் உறுப்பினராக வென்றதும் அந்தச் சங்க பலத்தால்தான். அந்த நன்றியை மறுக்க முடியாது.

ஆனால் ஒரே ஆள் அமைச்சராகவும் சங்கத் தலைவராகவும் இருந்தால், அரசோடு சம்பளம் பேசும்போது மேசையின் எந்தப் பக்கம் உட்காருவார்? சந்தா செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) பிடிபடுகிறது. ஆகவே கணக்குக் கேட்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. சங்கத்தை விட்டு விலகவும், இன்னொன்றில் சேரவும், எதிலுமே சேராமல் இருக்கவும் உரிமை உண்டு. தலைவர் சொன்ன இலக்கத்துக்கு வாக்குப் போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் தலைவர் வர முடியாது.

சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். முன்பு முதலாளிமார் சம்மேளனமும் பெரிய சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் போடுவார்கள். பிறகு பேச்சு முறிந்து, 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் நாளுக்கு 1000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024இல் 1350 ஆனது. அரசு நேரடியாகச் சம்பளம் நிர்ணயித்தது நல்லதுதான். அதோடு, கொழுந்து எத்தனை கிலோ பறித்தால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) என்பதைத் தோட்டத்துக்குத் தோட்டம் நிர்வாகமே தீர்மானிக்கும் நிலையும் வந்தது. வர்த்தமானி எழுதியவர்கள் மலைக்கு வந்து கூடையைத் தூக்கிப் பார்த்திருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள்.

காணிக்கும் ஜனநாயகத்துக்கும் என்ன தொடர்பு?

முகவரிதான் தொடர்பு. பெருந்தோட்டங்களை 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது, பிறகு நீண்டகாலக் குத்தகை. நிலம் அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது, லயத்தில் நாலு தலைமுறை இருந்தவருக்கு அதில் எதுவும் இல்லை. அவருக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. அங்கே ஆபத்து இருப்பதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கிடைத்தாலும் எங்கே போவது? சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தால் அல்லவா எழுந்து போகலாம். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் 2015க்குப் பிறகு வேகம் பிடித்தது. இந்திய உதவி வீடுகளும் வந்தன. வீடு கிடைத்தும் காணி உறுதிப்பத்திரத்துக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலைகள் மறுபடி சரிந்தபோது, யாருக்கு எங்கே காணி என்ற அதே கேள்வி திரும்ப எழுந்தது.

இப்படி எங்களுக்கென்று கேட்டால் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களுக்கு அநியாயம் ஆகாதா?

நியாயமான கேள்வி, இதை ஒதுக்கிவிட்டு எதுவும் நடக்காது. கண்டிய விவசாயியின் மேய்ச்சல் நிலமும் சேனை நிலமும் 1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்தால் வெள்ளைக்காரன் கைக்குப் போனவை. தோட்டம் அந்த நிலத்தில்தான் எழும்பியது. கிராமத்தவருக்கு அந்த இழப்பு, எங்களுக்குக் கூலி வாழ்க்கை, லாபம் மூன்றாமவருக்கு. பல கிராமங்களில் இன்றும் பாதை மோசம், காணி உறுதி இல்லை, ஆஸ்பத்திரி தூரம். தோட்டத்துக்குப் பாதை போட்டால் அதே பாதையில்தான் கிராமத்துப் பிள்ளையும் பாடசாலைக்குப் போகும் என்ற இடங்களில் இரு பக்கத்தாரும் சேர்ந்து மனுக் கொடுத்தால், அதிகாரிகள் இன்னொரு இனத்தைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது.

தனி மாகாணம், சமஷ்டி (கூட்டாட்சி) என்று கேட்கலாமா?

கேட்பதற்குத் தடையில்லை, பிரிவினைக்குத்தான் 6ஆவது திருத்தம் தடை. இன்றைய அரசியலமைப்பு ஒற்றையாட்சி. ஒரு சுவையான செய்தி: இலங்கையில் சமஷ்டியை முதலில் பேசியவர்கள் தமிழர்கள் இல்லை. 1926இல் பண்டாரநாயக்க பேசினார். 1927இல் டொனமூர் ஆணைக்குழுவின் முன் கண்டிய சிங்களவர்களே மலைநாட்டுக்குத் தனி அலகு கேட்டார்கள். எங்களைப் பொறுத்தவரை, சிதறி வாழ்பவர்களுக்கு எல்லை போட்ட அலகு பாதிப் பேரை வெளியே விட்டுவிடும். நிலத்தோடு ஒட்டாத ஒரு சமூக சபை என்ற யோசனையும் பேச்சில் உண்டு. நல்ல யோசனை. அதற்கு முன் இருக்கிற பிரதேச சபைக்குப் பணமும் ஆளும் வரட்டும்.

பெண்கள் எங்கே?

மலையில் கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், மேடையில் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். உள்ளூராட்சியில் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2018 முதல் நடைமுறை. 2024இல் நுவரெலியாவில் இருந்தும் பதுளையில் இருந்தும் மலையகப் பெண்கள் பாராளுமன்றம் போனார்கள். 1930களிலேயே மீனாட்சி அம்மாள் நடேசய்யர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடிப் பேசியவர். அதற்குப் பிறகு இத்தனை காலம் ஏன் எடுத்தது என்பதற்குச் சங்கங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

தகவல் கேட்டால் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. எங்கள் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், வீட்டுப் பயனாளிகள் பட்டியல் என்ன, எங்கள் லயம் இருக்கும் சரிவு பற்றிய அறிக்கை எங்கே என்று கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்க முடியாது. தமிழில் எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். அப்பா அம்மாவுக்கு இதைச் சொல்லி வையுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதற்கும் மேல் ஆணைக்குழு. கடிதம் கொடுத்ததும் பற்றுச்சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சாவடிக்கு என்ன கொண்டு போக வேண்டும்?

ஒவ்வொரு வருடமும் இடாப்பு புதுப்பிக்கப்படுகிறது. ஜீ.எஸ். படிவம் தரும்போது கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலை செய்யும் பிள்ளையின் பெயர் எங்கே பதிகிறது என்று பாருங்கள்; இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் போவது அப்படித்தான். பட்டியலை ஜீ.எஸ். அலுவலகத்திலும், தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தும் பார்க்கலாம். சாவடிக்குத் தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போன்றவற்றில் ஒன்று போதும். வாக்காளர் அட்டை தோட்டத்து ஆபீசில் தங்கிவிட்டாலும் கவலையில்லை, இடாப்பில் பெயரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால் வாக்களிக்கலாம்.